நிழலும் வெம்மையும்

மனித உடலைக் கீறாமலும் திறக்காமலும் அதன் உள்நிலையை அறிய மருத்துவம் கையாளும் கதிர்களில், எக்ஸ் கதிரும் அகச்சிவப்புக் கதிரும் ஒன்றுக்கொன்று நேர்மாறான இயல்புடையவை. எக்ஸ் கதிர் வெளியிலிருந்து உடலுக்குள் செலுத்தப்பட்டு, எலும்பும் தசையும் காற்றும் அதைத் தடுக்கும் அளவுக்கேற்ப மறுபுறத்தில் ஒரு நிழலைப் பதிக்கிறது. அகச்சிவப்புக் கதிரையோ எவரும் உடலுக்குள் செலுத்த வேண்டியதில்லை. வெப்பமுள்ள பொருள்கள் யாவும் அதை ஓயாமல் உமிழ்ந்துகொண்டிருப்பதால், உடல் தானே வெளியிடும் அக்கதிரைத் தக்க கருவியால் வாங்கிப் பதிவுசெய்தாலே போதும். முதலாவது உடலின் அமைப்பைக் காட்டுகிறது. இரண்டாவது, அந்த அமைப்பினுள் இரத்தம் எவ்வாறு ஓடுகிறது, எங்கே அழற்சி மூண்டிருக்கிறது என்பதற்கான தடயத்தைத் தோலின் மேல் காட்டுகிறது.

இவ்விரு கதிர்களின் வரலாறும் பெரும்பாலும் கருவிகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. இன்ன ஆண்டில் இன்னார் இன்ன குழாயைச் செய்தார், இன்ன உணரியைச் செய்தார் என்னும் வரிசை பிழையானதன்று என்றாலும், மருத்துவத்தைப் பொறுத்தவரை அது பாதி வரலாறே. ஒரு கருவி தரும் படத்தை எந்த அளவுக்கு நம்பலாம், எந்த இடத்தில் அது ஏமாற்றும், அதன் சாட்சியத்தை வேறெந்தச் சோதனையோடு ஒப்பிட வேண்டும் என்பவற்றை ஆயிரக்கணக்கான மனிதர்களிடையே பொறுமையாக அளந்து சொல்லும் உழைப்பும் கண்டுபிடிப்பின் ஒரு பகுதியே ஆகும். அந்த மறுபாதியில் குறிப்பிடத்தக்க பங்கு பழைய செங்கல்பட்டு மாவட்டத்திலும் அதன் கடற்கரையிலும் நிகழ்ந்தது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையே, நித்திய கல்யாணப் பெருமாள் கோயிலால் அறியப்படும் திருவிடந்தையை நடுவாக வைத்துப் பார்த்தால், தெற்கே மாமல்லபுரத்தைக் கடந்ததும் கல்பாக்கத்தின் அணு ஆராய்ச்சி மையமும், தென்மேற்கே செங்கல்பட்டை அடுத்த திருமணியின் தொழுநோய் நிறுவனமும், வடமேற்கே திருவள்ளூர், ஸ்ரீபெரும்புதூர் வட்டாரங்களில் லட்சக்கணக்கானோரின் மார்பைப் படம்பிடித்த காசநோய் ஆய்வுக் களமும் அமைகின்றன.

ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் நகரில் வில்லெம் கோன்ராட் ரான்ட்கன் 1895 நவம்பர் 8 அன்று கண்ட கதிர், சில மாதங்களுக்குள் உலகின் பல மருத்துவமனைகளுக்குப் பரவியது; அவர் அதற்குக் காப்புரிமை பெற மறுத்ததும் இந்த விரைவுக்கு ஒரு காரணமாகும். ஆயினும் தொடக்கக் காலக் குழாய்களில் சிறிதளவு வாயு எஞ்சியிருந்தே ஆக வேண்டும் என்பதால், அந்த வாயுவின் அளவு மாறும்போதெல்லாம் கதிரின் ஊடுருவும் ஆற்றலும் மாறிக்கொண்டிருந்தது. இந்தத் தடுமாற்றத்தை 1913இல் வில்லியம் கூலிட்ஜ் தீர்த்தார். ஏறக்குறைய முழு வெற்றிடமாக்கப்பட்ட குழாயினுள் டங்ஸ்டன் இழையைச் சூடாக்கி எலக்ட்ரான்களை வெளிப்படுத்தி, பல்லாயிரம் வோல்ட் மின்னழுத்தத்தால் அவற்றை முடுக்கி, எதிரேயுள்ள உலோக இலக்கில் மோதச் செய்வதே அவர் கண்ட வழி. இழையின் சூடு கதிரின் அளவையும், மின்னழுத்தம் அதன் ஊடுருவும் ஆற்றலையும் தனித்தனியே தீர்மானிப்பதால், இன்று எடுத்த படத்தை ஆறு மாதம் கழித்து எடுக்கும் படத்தோடு ஒப்பிட முடியும் என்னும் நம்பிக்கை முதன்முதலாகக் கிடைத்தது. மோதும் எலக்ட்ரான்களின் ஆற்றலில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவானதே எக்ஸ் கதிராகிறது, எஞ்சியதெல்லாம் வெப்பமாகிறது என்பதால்தான் 3,400 டிகிரி செல்சியசுக்கு மேல் உருகும் டங்ஸ்டன் இலக்குப் பொருளாகவும் தேர்ந்தெடுக்கப்பட்டது.

உடலினுள் நுழையும் எக்ஸ் கதிர் எந்த அளவுக்கு விழுங்கப்படும் என்பது, அது கடக்கும் பொருளின் அடர்த்தியையும் அப்பொருளின் அணுக்கள் எத்தகையவை என்பதையும் பொறுத்தது. தசையில் மிகுந்திருக்கும் கார்பனின் அணு எண் 6, ஆக்சிஜனின் அணு எண் 8. எலும்பிலுள்ள பாஸ்பரசின் அணு எண் 15, கால்சியத்தின் அணு எண் 20. படமெடுக்கப் பயன்படும் ஆற்றல் எல்லையில், இந்த எண்ணின் ஏறத்தாழ மும்மடியைப் பொறுத்து உட்கவர்தல் கூடுகிறது என்பதால், எலும்பு தசையைவிடப் பன்மடங்கு கதிரை விழுங்கிப் படத்தில் வெண்மையாகத் தெரிகிறது. நுரையீரல் பெரும்பாலும் காற்றால் நிறைந்திருப்பதால் கறுப்பாகத் தெரியும். காசநோயால் அந்தக் காற்றின் இடத்தை அழற்சித் திசுவும் நீர்மமும் பிடித்துக்கொண்டால் அந்த இடம் வெளுக்கும். திசு அழிந்து குழி விழுந்தால் வெண்ணிற வளையத்துக்குள் கறுப்பு தோன்றும். காசநோய்க்கும் எக்ஸ் கதிருக்கும் இடையே நூறாண்டுக்கு மேலாக நீடிக்கும் உறவின் இயற்பியல் அடிப்படை இதுதான்.

சென்னை அரசு பொது மருத்துவமனையில் பார்னார்டு கதிரியல் நிறுவனம் 1934இல் திறக்கப்பட்டது. அதற்கு ஆறாண்டுகளுக்கு முன்பே, 1928இல், டேவிட் சவுரிமுத்து தாம்பரத்தில் காசநோயாளிகளுக்கான சானடோரியத்தைத் தொடங்கியிருந்தார். படம் எடுக்கும் வசதி இவ்வாறு நகரத்திலும் அதன் விளிம்பிலும் இருந்தபோதும், நோய் மிகுந்திருந்த கிராமங்களுக்கு அது போய்ச் சேரவில்லை. முழு அளவுப் படச்சுருளின் விலையும், அதைக் கழுவி உலர்த்தும் வேலையும், தடையற்ற மின்சாரத் தேவையும் குறுக்கே நின்றன. இந்தத் தடையை உடைத்தவர் பிரேசில் நாட்டு மருத்துவர் மனுவேல் டி அப்ரூ. மார்பின் நிழலை ஓர் ஒளிர்திரையில் விழச்செய்து, அத்திரையில் தோன்றும் படத்தைச் சாதாரண ஒளிப்படக் கருவியால் சிறிய படச்சுருளில் எடுக்கும் முறையை 1936இல் அவர் நடைமுறைக்குக் கொண்டுவந்தார். ஒருவருக்கு ஆகும் செலவு வெகுவாகக் குறைந்தது. கருவியை வண்டியில் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுசெல்ல முடிந்தது. ஒரே நாளில் நூற்றுக்கணக்கானோரைப் படமெடுக்க முடிந்தது. திரையிலிருந்து ஒளிப்படமாக மாறுவதில் கூர்மை குறைவதும், முழு அளவுப் படத்தைவிட உடல் பெறும் கதிரளவு கூடுவதும் இம்முறைக்குக் கொடுக்க வேண்டியிருந்த விலை.

இந்தச் சிறுபட முறையை இந்தியாவில் மிகப் பெரிய அளவில் பயன்படுத்திய ஆய்வுகளில் ஒன்று 1968இல் செங்கல்பட்டு மாவட்டத்தில் தொடங்கியது. இன்றைய செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்கள் மூன்றும் அப்போது ஒரே மாவட்டமாக இருந்தன என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். ஆய்வு நடந்த கிராமங்கள் பெரும்பாலும் அதன் வடமேற்குப் பகுதியைச் சேர்ந்தவை. குழந்தைகளுக்குப் போடப்படும் பி.சி.ஜி. தடுப்பூசி காசநோயிலிருந்து உண்மையில் எவ்வளவு காக்கிறது என்னும் கேள்விக்குப் பிரிட்டனில் நடந்த ஆய்வு மிக உயர்ந்த பாதுகாப்பு என்றும், அமெரிக்காவின் சில பகுதிகளில் நடந்த ஆய்வுகள் சொற்பப் பாதுகாப்பே என்றும் விடை தந்திருந்தன. முரணைத் தீர்க்க இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் உலக சுகாதார நிறுவனத்தின் ஒத்துழைப்புடன் இங்கே களமிறங்கியது. 3,66,625 பேர் பதிவுசெய்யப்பட்டனர். அவர்களில் 2,81,161 பேருக்குத் தடுப்பூசியோ, மருந்தற்ற போலி ஊசியோ குலுக்கல் முறையில் போடப்பட்டது. எவருக்கு எது போடப்பட்டது என்பது ஊசி போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. சிறு குழந்தைகள் நீங்கலாக மற்றவர்களின் மார்பு 70 மி.மீ. படச்சுருளில் எடுக்கப்பட்டது. இரண்டரை ஆண்டுகளுக்கு ஒருமுறை களப்பணியாளர்கள் அதே ஊர்களுக்குத் திரும்பி வந்து மீண்டும் படமெடுத்தனர்.

இங்கே படத்தின் பணி என்ன என்பதைக் கூர்ந்து நோக்க வேண்டும். மார்புப் படத்தில் ஐயத்துக்குரிய நிழல் காணப்பட்டால் அதைக் கொண்டே நோயென்று முடிவு கட்டப்படவில்லை. அவருடைய சளி எடுக்கப்பட்டு, அதில் காசநோய்க் கிருமி இருக்கிறதா என்பது நுண்ணோக்கியிலும் வளர்சோதனையிலும் பார்க்கப்பட்டது. வளர்சோதனை என்பது சளியிலுள்ள கிருமியை ஊட்டப்பொருளில் வாரக்கணக்கில் வளர்த்துக் காண்பது. லட்சக்கணக்கானோரின் சளியை இவ்வாறு சோதிப்பது இயலாத காரியம். எவருடைய சளியைச் சோதிக்க வேண்டும் என்று தேர்ந்தெடுத்துக் கொடுப்பதே படத்தின் பணியாக இருந்தது. ஏன் இந்த எச்சரிக்கை என்றால், ஒரே மார்புப் படத்தைப் பார்க்கும் இரு தேர்ந்த மருத்துவர்கள் முரண்பட்ட முடிவுக்கு வருவதும், அதே மருத்துவர் அதே படத்தைச் சில மாதங்கள் கழித்துப் பார்க்கும்போது தம் முந்தைய முடிவையே மறுப்பதும் 1940களில் அமெரிக்காவில் நடந்த சோதனைகளில் ஐயமின்றி நிறுவப்பட்டிருந்தன. ஆறிப்போன பழைய வடு, நிமோனியா, பூஞ்சைத் தொற்று, புற்றுநோய் ஆகிய யாவும் காசநோயின் நிழலைப் போன்றே தோன்றக்கூடும்.

ஆய்வின் முடிவு மருத்துவ உலகம் எதிர்பாராதது. முதல் ஏழரை ஆண்டுகளின் விவரங்கள் வெளியானபோது, நுரையீரல் காசநோயைத் தடுப்பதில் ஊசி போட்டவர்களுக்கும் போலி ஊசி பெற்றவர்களுக்கும் வேறுபாடு காணப்படவில்லை. பதினைந்து ஆண்டுத் தொடர்கண்காணிப்பின் முழு விவரம் 1999இல் வெளிவந்தபோதும், பெரியவர்களுக்குப் பாதுகாப்பு இல்லை, குழந்தைகளுக்குக் கிடைத்ததும் சொற்பமே என்னும் முடிவு மாறவில்லை. குழந்தைகளைத் தாக்கும் மூளைக் காய்ச்சல் போன்ற கடுமையான காசநோய் வகைகளைத் தடுப்பதற்காக பி.சி.ஜி. இன்றும் போடப்படுகிறது என்பது தனிச் செய்தி. எக்ஸ் கதிரின் வரலாற்றுக்கு இந்த ஆய்வு முக்கியமாவதற்குக் காரணம் வேறு: விரும்பத்தகாத ஒரு முடிவை உலகம் ஏற்றுக்கொண்டது என்றால், அது படத்தையும் சளியையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்த அந்தக் கண்டிப்பின் மேல் வைத்த நம்பிக்கையால்தான். அக்கிராமங்களின் மக்கள் ஆண்டுக்கணக்கில் கருவியின் முன் வந்து நின்றதற்கு அறிவியல் பட்டிருக்கும் கடன் பெரிது. பாடநூல்களில் அதற்கு இன்னும் உரிய இடம் கிடைக்கவில்லை.

நிழல் என்ற அளவில் எக்ஸ் கதிர்ப் படத்துக்கு ஒரு பிறவிக் குறை உண்டு. ஒளியைக் கண்ணாடி வில்லை வளைப்பது போல எக்ஸ் கதிரை வளைத்துக் குவிக்க மருத்துவக் கருவிகளில் வழியில்லை என்பதால், முன்னுள்ள விலா எலும்பும், நடுவிலுள்ள இதயமும், பின்னுள்ள முதுகெலும்பும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே தளத்தில் விழுகின்றன. பல கோணங்களில் நிழல்களை எடுத்து, கணக்கின் மூலம் உள்ளே இருப்பதை மீட்டெடுக்கலாம் என்பதே சி.டி. ஸ்கேனின் அடிப்படை. 1971 அக்டோபர் 1 அன்று லண்டனை அடுத்த விம்பிள்டன் மருத்துவமனை ஒன்றில் காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டின் கருவி முதல் நோயாளியின் மூளையைப் படமெடுத்தது. அதே ஆண்டில் ஜி.என். ராமச்சந்திரனும் ஏ.வி. லட்சுமிநாராயணனும் வெளியிட்ட ஓர் ஆய்வுக் கட்டுரை, அந்தக் கணக்கைப் போடுவதற்கு ஒரு புதிய வழியைத் தந்தது. 1952 முதல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ராமச்சந்திரன், தோலிலும் எலும்பிலும் தசைநாணிலும் உள்ள கொலாஜென் என்னும் புரதத்தின் முப்புரி அமைப்பை எக்ஸ் கதிர்ச் சிதறலால் கோபிநாத் கர்த்தாவுடன் 1954இல் வெளிப்படுத்தியவர் என்பதால், கதிர்ப்பதிவிலிருந்து முப்பரிமாண வடிவை மீட்பது அவருக்கு வாழ்நாள் சிந்தனையாக இருந்தது.

ஒவ்வொரு கோணத்தில் எடுத்த நிழலையும் அது வந்த திசையிலேயே திருப்பி உடல்வெட்டின் மேல் பரப்பி, எல்லாக் கோணங்களின் பரப்பல்களையும் கூட்டினால் ஒரு படம் கிடைக்கும். ஆனால் அதில் ஒவ்வொரு புள்ளியும் ஈரத் தரையில் இட்ட மாக்கோலத்தின் புள்ளி போல நாற்புறமும் கசிந்து மங்கியிருக்கும். கசிவு எவ்வாறு நிகழ்கிறது என்பது கணிதத்தில் முன்பே அறியப்பட்டிருந்ததால் அதை நீக்கவும் வழி இருந்தது. ஆனால் அந்த வழி ஃபூரியே உருமாற்றம் என்னும் நீண்ட கணக்கின் ஊடே சென்றது. ராமச்சந்திரனும் லட்சுமிநாராயணனும், பரப்புவதற்கு முன்பே ஒவ்வொரு நிழலையும் ஓர் எண்வரிசையால் திருத்திவிடலாம் என்று காட்டினர். நிழலின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் அதன் அண்டைப் புள்ளிகளின் மதிப்பில் குறிப்பிட்ட பங்குகளைக் கழித்துவிட்டால், பின்னர்ப் பரப்பிக் கூட்டும்போது கசிவுகள் தாமே ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். அக்காலக் கணினிகளின் வேகத்துக்கு இது பெரிய விடுதலையாக அமைந்தது. பின்வந்த தலைமுறை ஸ்கேன் கருவிகள் பலவற்றில் இம்முறையே வேரூன்றியது. இருவர் பெயரின் முதலெழுத்துகளையும் சேர்த்து ராம்-லாக் வடிகட்டி என்று அதைப் பொறியியல் பாடநூல்கள் குறிக்கின்றன. சி.டி. ஸ்கேன் எடுத்துக்கொள்ளும் தமிழர்களில் இந்தப் பெயரை அறிந்தவர் மிகச் சிலரே என்பது வருத்தத்துக்குரியது.

காசநோய்க் களத்துக்குத் திரும்பினால், சென்னையிலுள்ள தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் முன்நின்று 2019 முதல் 2021 வரை நடத்திய நாடு தழுவிய கணக்கெடுப்பு, மார்புப் படத்தின் பெறுமதியை மீண்டும் எண்களால் உறுதிசெய்தது. இருமல், காய்ச்சல் போன்ற அறிகுறிகளை மட்டும் கேட்டுவிட்டுப் படமெடுக்காமல் விட்டிருந்தால், சளியில் கிருமி உறுதிப்பட்ட நோயாளிகளில் 42.6 விழுக்காட்டினர் தவறவிடப்பட்டிருப்பர் என்று அது காட்டியது. இன்று கையில் எடுத்துச் செல்லத்தக்க எக்ஸ்ரே கருவிகள் வந்துவிட்டன. படச்சுருளின் இடத்தை எண்முறை உணரித் தட்டு பிடித்துக்கொண்டது. 15 வயதுக்கு மேற்பட்டோரின் மார்புப் படத்தைக் கணினி நிரல் படித்து வடிகட்டுவதை உலக சுகாதார நிறுவனம் 2021இல் பரிந்துரைத்தது. இவ்வளவுக்குப் பின்னும் நிரல் ஐயுறும் மார்புக்கு உரியவரின் சளி மூலக்கூற்றுச் சோதனைக்குப் போகிறது.

அகச்சிவப்புக் கதிரின் கதை இதைவிட முன்னதாகத் தொடங்கி, மருத்துவத்துக்கு மிகத் தாமதமாக வந்து சேர்ந்தது. 1800ஆம் ஆண்டில் வில்லியம் ஹெர்ஷல் முப்பட்டகத்தால் பிரித்த சூரிய ஒளியின் நிறங்களுக்கு வெப்பமானி வைத்து அளந்தபோது, சிவப்புக்கு அப்பால் கண்ணுக்கு எதுவும் தெரியாத இடத்திலும் வெப்பமானி ஏறியதைக் கண்டார். வெப்பநிலைக்கேற்ப ஒரு பொருள் எந்த அலைநீளத்தில் மிகுதியாகக் கதிர்வீசும் என்பதை 1890களில் வியன் விதி வரையறுத்தது. அதன்படி 32 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள மனிதத் தோல் ஏறத்தாழ 9.5 மைக்ரோமீட்டர் அலைநீளத்தில் உச்சமாகக் கதிர்வீசுகிறது. ஒரு மைக்ரோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஒரு பொருள் தன் வெப்பநிலைக்கு உரிய முழு அளவில் எத்தனை பங்கைக் கதிராக வெளியிடுகிறது என்பதை உமிழ்திறன் என்பர். தோலின் உமிழ்திறன் 0.98 அளவில் இருப்பதோடு, கண்ணுக்குத் தெரியும் நிறம் கறுப்பாயினும் வெளுப்பாயினும் இந்த அலைநீளத்தில் எல்லார் தோலும் ஒன்றே என்று 1930களில் ஜேம்ஸ் ஹார்டி நிறுவினார். வெப்பநிலை ஒரு டிகிரி கூடினால் உமிழப்படும் ஆற்றல் நூற்றுக்கு ஒன்றேகால் பங்கு அளவிலேயே கூடும் என்பதால், அந்நுண்ணிய வேறுபாட்டைப் பிரித்தறியும் உணரியைச் செய்வதே முழுச் சிக்கலாக இருந்தது.

அந்த உணரிகள் போர்க்களத்துக்காகச் செய்யப்பட்டவை. இருளில் எதிரியின் உடலையும் எஞ்சினையும் காணும் பொருட்டு உருவான இண்டியம் ஆண்டிமொனைடு உணரிகளை திரவ நைட்ரஜனால் உறைகுளிரில் வைத்தாக வேண்டும். இல்லாவிட்டால் உணரியின் சொந்த வெப்பமே அது காண வேண்டியதை மறைத்துவிடும். 1980களில் அமெரிக்கப் படைத்துறைக்காக உருவாகிப் பின்னர் பொதுப் பயன்பாட்டுக்கு விடப்பட்ட நுண்போலோமீட்டர் இந்தத் தேவையை நீக்கியது. தலைமயிரைவிட மெல்லிய தகடுகள் ஆயிரக்கணக்கில் வெற்றிடத்தில் தாங்கி நிறுத்தப்பட்டு, ஒவ்வொரு தகட்டின் மீதுள்ள வனேடியம் ஆக்சைடு படலம் சூடேறும்போது அதன் மின்தடை மாறுவதைக் கொண்டு ஒரு படப்புள்ளி பெறப்படுகிறது. சாதாரணக் கண்ணாடி இக்கதிரை விடாது என்பதால் வில்லைகள் ஜெர்மானியத்தால் செய்யப்படுகின்றன. திருவிடந்தையில் 2018 ஏப்ரலில் பன்னாட்டுப் பாதுகாப்புத் தளவாடக் கண்காட்சி நடைபெற்றபோது அந்தக் கடற்கரைக்கு வந்து சேர்ந்த தொழில்நுட்பக் குடும்பத்தின் ஒரு கிளைதான், அங்கிருந்து தெற்கே கல்பாக்கத்தில் பல ஆண்டுகளாக மனிதக் கால்களையும் நோக்கிக்கொண்டிருந்தது.

மருத்துவத்தில் வெப்பப்படம் முதலில் நம்பப்பட்டு, பின் கைவிடப்பட்டது என்பதையும் மறைக்கலாகாது. 1956இல் கனடாவின் மான்ட்ரியலில் ரே லாசன், மார்பகப் புற்றுக்கட்டியின் மேலுள்ள தோல் சூடாக இருப்பதைக் காட்டியபோது பெரும் எதிர்பார்ப்பு எழுந்தது. 1970களில் அமெரிக்காவில் மாமோகிராம் என்னும் எக்ஸ் கதிர் முறையுடன் ஒரே களத்தில் ஒப்பிடப்பட்டபோது அது மிகவும் பின்தங்கி, சில ஆண்டுகளிலேயே அத்திட்டத்திலிருந்து நீக்கப்பட்டது. மாமோகிராமுக்கு மாற்றாக வெப்பப்படத்தைக் கொள்ளக்கூடாது என்பதே இன்றும் நிலைப்பாடு. தோலிலிருந்து வரும் கதிர் அதன் மிக மெல்லிய மேற்படலத்திலிருந்து மட்டுமே வருகிறது. ஆழத்தில் உள்ள கட்டியின் வெம்மை மேலே வந்து சேருமுன் இரத்த ஓட்டம் அதைக் கலைத்துவிடுகிறது. ஆகவே வெப்பப்படத்துக்கு ஏற்ற உறுப்பு, நோய் தோலுக்கு அருகிலேயே நிகழும் உறுப்பாக இருக்க வேண்டும். உள்ளங்கால் அத்தகையது.

உள்ளங்காலை நோக்கிய பாதையும் செங்கல்பட்டிலிருந்தே தொடங்குகிறது. கொல்லிமலையில் பிறந்து, 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை மருத்துவராக வந்த பால் பிராண்ட், அடுத்த ஆண்டில் தொழுநோய் மருத்துவர் ராபர்ட் காக்ரேனைக் காணச் செங்கல்பட்டின் லேடி வில்லிங்டன் தொழுநோய் இல்லத்துக்குச் சென்றார். இன்று மத்திய அரசின் தொழுநோய்ப் பயிற்சி ஆராய்ச்சி நிறுவனமாக விளங்கும் அதே இடம். மடங்கிய விரல்களும் புண்பட்ட பாதங்களும் கொண்டவர்களை அங்கே கண்டதிலிருந்து தொடங்கிய அவருடைய ஆராய்ச்சி, விரல்களும் பாதங்களும் தேய்ந்து போவதற்குக் கிருமி நேர்க் காரணமன்று, வலியுணர்வு அற்றுப்போனதால் நோயாளி அறியாமல் தாங்கும் காயங்களே காரணம் என்னும் முடிவுக்கு இட்டுச் சென்றது. எக்ஸ் கதிர்ப் படம் இத்தகைய பாதத்தில் எலும்பு கரைந்து போன பின்னரே செய்தி சொல்லும். 1966இல் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்ற பிராண்ட், புண் வெடிப்பதற்கு முன்பே அந்த இடம் அழற்சியால் சூடேறுகிறது என்பதைப் பற்றிக்கொண்டு, பெர்க்தோல்ட் என்பவருடன் இணைந்து உணர்வற்ற பாதங்களை வெப்பப்படத்தால் கண்காணிக்கும் முறையை 1975இல் வெளியிட்டார். நோயாளியால் சொல்ல முடியாத வலியைத் தோலின் வெம்மை சொல்கிறது. அந்த இடம் ஆறும்வரை நடையைக் குறைத்தால் புண்ணைத் தவிர்க்கலாம்.

தொழுநோய் குறைந்துவந்த அதே தலைமுறையில், உணர்வற்ற பாதத்தை நீரிழிவு நோய் பெருக்கியது. கல்பாக்கத்தில் 1971இல் அணு உலை ஆராய்ச்சி மையமாகத் தொடங்கி, 1985 முதல் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் என்னும் பெயரில் இயங்கும் நிறுவனம், திரவ சோடியத்தால் குளிர்விக்கப்படும் வேக ஈனுலைகளுக்கானது. அத்தகைய உலையின் பற்றவைப்புகளில் மயிரிழை விரிசலும் இருக்கக்கூடாது என்பதால், பொருளைச் சிதைக்காமல் சோதிக்கும் துறை அங்கே ஆழமாக வளர்ந்தது. எக்ஸ் கதிர்ப் படமும் வெப்பப்படமும் அத்துறையின் அன்றாடக் கருவிகள். பின்னாளில் மையத்தின் இயக்குநரான பல்தேவ் ராஜும் அவருடைய சகாக்களும் அக்கருவிகளைத் தென்னிந்தியச் செப்புத் திருமேனிகளை ஆராயவும் திருப்பினர். எஃகையும் வெண்கலத்தையும் அளந்த கைகள் மனித உடலையும் அளக்கத் தொடங்கியது வியப்புக்குரியதன்று. அளவைப் பிழையைப் பற்றிப் பொறியாளர்களுக்கு இருக்கும் அச்சம் மருத்துவப் படவியலுக்கு மிகத் தேவையான ஒன்று.

2009இல் கல்பாக்கம் மையத்தின் பகவதியப்பன், ஜான் பிலிப், ஜெயக்குமார் முதலியோர் வெளியிட்ட ஆய்வு, கை கால்களின் இரத்த நாளக் கோளாறு உள்ளவர்களிடம் பாதிக்கப்பட்ட பகுதி இயல்பான பகுதியைவிட சுமார் 0.7 முதல் 1 டிகிரி வரை வேறுபடுவதைக் காட்டியது. அடுத்த ஆண்டில் சென்னையின் நீரிழிவு மருத்துவர் வி. மோகனின் குழுவுடன் சேர்ந்து, இரண்டாம் வகை நீரிழிவு உள்ள 112 பேரின் உள்ளங்கால்கள் படமெடுக்கப்பட்டன. நரம்புச் சிதைவு உள்ளவர்களின் பாதம் 32 முதல் 35 டிகிரி வரையிலும், அது இல்லாதவர்களின் பாதம் 27 முதல் 30 டிகிரி வரையிலும் இருந்தது. நரம்பு கெட்டால் பாதம் குளிர வேண்டும் என்று தோன்றுவது இயல்பே; நடப்பது வேறு. தோலடியில் தமனியையும் சிரையையும் நேராக இணைக்கும் குறுக்கு வழிகளைப் பரிவு நரம்புகள் இறுக்கி மூடி வைத்திருக்கின்றன. அந்நரம்புகள் சிதையும்போது வழிகள் திறந்துகொள்ள, சூடான இரத்தம் மேற்பரப்பில் பாய்கிறது. அதே நீரிழிவு, தமனியை அடைத்துவிட்டால் பாதம் குளிர்கிறது. இரண்டும் ஒருவருக்கே இருந்தால் வெப்பப்படம் இயல்பானது போலவே தோன்றக்கூடும் என்பதால், படத்தைத் தனியே நம்புவது ஆபத்து.

இதனால்தான் அந்த ஆய்வு படத்தோடு நிற்கவில்லை. பெருவிரலில் அதிரும் முனையை வைத்து, அதிர்வு எந்த அளவில் உணரப்படுகிறது என்று காணும் சோதனையும் செய்யப்பட்டு, பாத வெப்பத்துடன் ஒப்பிடப்பட்டது. இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று தெரிந்தது. அத்தொடர்பின் கெழு 0.3 அளவில் இருந்தது. முழுப் பொருத்தம் என்றால் 1, பொருத்தமே இல்லை என்றால் 0 என்னும் அளவுகோலில் இது மிதமானதற்கும் கீழானது. இந்த எண்ணை மறைக்காமல் அச்சிட்டது அந்த ஆய்வின் பெருமை என்றே கொள்ள வேண்டும்; ஏனெனில் வெப்பப்படம் எச்சரிக்கும், ஆனால் நோயை அறுதியிடாது என்பதை அந்த எண்ணே வாசகருக்குச் சொல்லிவிடுகிறது. கல்பாக்கக் குழு 2012இல் வெளியிட்ட மருத்துவ வெப்பப்படவியல் பற்றிய நீண்ட தொகுப்புரை, இத்துறையில் நுழைவோர் உலகெங்கும் எடுத்தாளும் கட்டுரைகளுள் ஒன்றாயிற்று.

112 பேரின் பாதங்களை ஒருமுறை மட்டும் பார்ப்பது, அவற்றுள் எது பின்னாளில் புண்படும் என்பதைச் சொல்லாது. அதற்கு ஆண்டுக்கணக்கில் அதே மனிதர்களைத் தொடர வேண்டும். அமெரிக்காவில் லேவரி, ஆம்ஸ்ட்ராங் முதலியோர் 2000களில் நடத்திய ஆய்வுகளில், நோயாளிகள் வீட்டிலேயே இரு பாதங்களின் ஒத்த இடங்களை நாள்தோறும் அளந்து, வேறுபாடு 2.2 டிகிரிக்கு மேல் நீடித்தால் நடையைக் குறைத்து மருத்துவரை அழைத்தபோது, புண்கள் கணிசமாகக் குறைந்தன. அங்கே பயன்பட்டது படம் எடுக்கும் கருவிகூட அன்று, ஒரு புள்ளியை மட்டும் அளக்கும் எளிய அகச்சிவப்பு வெப்பமானி.

இதைக் கோவளம் முதல் கல்பாக்கம் வரையிலான கடலோர ஊர்களின் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்குக் கொண்டுவர நினைத்தால், குளிர்நாட்டு நூல்கள் சொல்லாத இடர்கள் எழும். வெப்பப்படம் எடுக்கும் அறை இருபது டிகிரியை ஒட்டியிருக்க வேண்டும், கால்களை மூடாமல் பத்துப் பதினைந்து நிமிடம் நோயாளி அமர்ந்திருக்க வேண்டும் என்பது வழக்கமான விதி. சித்திரை வைகாசியில் அறைக்காற்றே 34 டிகிரியில் இருக்கும்போது தோலுக்கும் சூழலுக்கும் வேறுபாடு அற்றுப்போய், சூடான இடமும் சூடற்ற இடமும் ஒரே நிறமாகத் தோன்றும். கடற்காற்றின் ஈரத்தில் வியர்வை உலராமல் ஓரிடத்தில் தேங்கி, மின்விசிறி பட்ட இடத்தில் மட்டும் உலர்ந்து குளிர்ந்தால், நோயில்லாத ஒரு வேறுபாடு படத்தில் பிறக்கும். மணலிலும் சூடேறிய தார்ச்சாலையிலும் வெறுங்காலோடு நடந்து வந்தவரின் பாதத்தில் தரையின் வெம்மையும் சேர்ந்திருக்கும். தடித்துக் காய்த்த, வெடிப்பு விழுந்த குதிகாலில் மேல்தோல் வெப்பத்தைத் தடுத்து உள்ளேயுள்ள அழற்சியை மறைக்கும். குளிரூட்டிய ஒரு சிறு அறையும், கால் கழுவித் துடைத்த பின் கட்டாயக் காத்திருப்பும், இரு பாதங்களையும் ஒரே படத்தில் எடுத்து ஒப்பிடும் பழக்கமும் இவற்றில் பெரும்பாலானவற்றைத் தீர்க்கும். கைப்பேசியுடன் இணையும் நுண்போலோமீட்டர் கருவிகள் கிடைக்கும் இக்காலத்தில், அறையைத் தயார்செய்வதே கருவி வாங்குவதைவிடக் கடினமான பகுதி.

சூடான இடம் கண்டறியப்பட்டால் செய்ய வேண்டியது, பிராண்ட் தம் நோயாளிகளிடம் வற்புறுத்தியதே: காலுக்கு ஓய்வு கொடுத்து, காய்ப்பைச் சீவி, அழுத்தம் பரவலாகத் தாங்கப்படும்படி காலணியை மாற்றுவது. தமிழகத் தொழுநோய் மருத்துவமனைகள் நெடுங்காலமாக வழங்கிவரும், நுண்துளை ரப்பர் அடித்தட்டுக் கொண்ட எம்.சி.ஆர். செருப்பை இன்று நீரிழிவு மருத்துவர்களும் எழுதிக் கொடுக்கிறார்கள். செருப்பு மாற்றிய இரண்டொரு வாரத்துக்குப் பிறகு அதே அறையில், அதே நேரம் காத்திருந்து எடுக்கப்படும் இரண்டாவது படத்தில் இரு பாதங்களுக்கும் இடையிலான வேறுபாடு 2.2 டிகிரிக்குக் கீழே இறங்கியிருந்தால் நடையை மெல்லக் கூட்டலாம். இறங்காவிட்டால், உள்ளே எலும்பு முறிந்திருக்கிறதா என்பதை அறிய அந்தப் பாதம் எக்ஸ்ரே அறைக்கு அனுப்பப்படுகிறது.